வாயை மூடிக்கொண்டு பேசிய வருடங்கள்

இன்று காலை பிரிட்ஜின் மேல்பக்கத்தைத் துடைக்கும்போது நம் யாழினியின் காது மெஷின் கையில் தட்டுப்பட்டது. ஈரம் உறிஞ்சுகிற அந்தக் குட்டி டப்பாவுக்குள் வயரைச் சுருட்டி ஒழுங்காகத்தான் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். டப்பாவில் இருக்கும் நீல மணிகள் எல்லாம் வெளுத்து ரோஸ் நிறமாகிவிட்டன. புது மணி மாற்ற வேண்டும் என்று கை பரபரத்தது. யாருக்காக மாற்றுவது என்று நினைத்ததும் அப்படியே நின்றுவிட்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. சார்ஜ் ஏற்றிப் பார்த்தேன். ஆரஞ்சு விளக்கு விட்டுவிட்டு மினுங்க ஆரம்பித்தது. தலையில் ஒட்டாமல் தனியாகக் கிடந்தால் அது அப்படித்தான் மினுங்கும். உனக்குத் தெரியாததா.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு நீ ஒரு வாக்கு வாங்கினாய். "அவ காதுல இருந்து அதக் கழட்ட மட்டும் உட்டுப்போடாதீங்க. பேச்ச உட்டுப்போட்டா புள்ள தனியாளாப் போயிருவா." நான் தலையாட்டினேன். இப்போது மெஷின் இங்கே இருக்கிறது, மகள் சென்னையில் இருக்கிறாள். கையெழுத்துப் போட்டு அனுப்பியதும் நான்தான். இரண்டு வருடம் உன் வாக்கைக் காப்பாற்றினேன், அதன் பிறகு உடைத்தேன். இதில் எதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல்தான் இவ்வளவு நாள் எழுதாமல் இருந்தேன்.

யாழினி என்று பேர் வைத்து இரண்டு வருடம் கழித்துத்தான் அவளுக்குக் காது கேட்கவில்லை என்பதே நமக்குத் தெரிந்தது. பேர் வைத்த நேரம் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். நீ அழவில்லை. அரசுக் காப்பீட்டில் ஆபரேஷன் செய்து உள்ளே ஒரு கருவியை வைத்தார்கள். காதுக்குப் பின்னால் மாட்டுகிற மெஷினும், தலையில் காசு போல ஒட்டிக்கொள்ளும் வட்டமும் வெளியே. முதல் முறை மெஷினை முடுக்கிய அன்று பிள்ளை மிரண்டு வீறிட்டு அழுதாள். அவள் அழுவதைப் பார்த்து நீ சிரித்துக்கொண்டே அழுதாய். கேட்கிறது, கேட்கிறது என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினாய். அந்தச் சந்தோஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகுதான் தெரபி. வாரம் இரண்டு நாள் பெரியநாயக்கன்பாளையத்தில் பஸ் ஏறி காந்திபுரம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ். தெரபிஸ்ட் மேடம் நல்ல மனுஷி. பிள்ளை உதட்டைப் பார்த்துப் பழகிவிட்டால் காது சோம்பேறியாகிவிடும், அதனால் பேசும்போது வாயைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஜாடை காட்டவே கூடாது, கையில் பேசக் கற்றுக்கொண்டால் வாயில் பேச்சு வராது என்றும் சொன்னார். அந்த நாளில் அவருக்குக் கற்றுக்கொடுத்தது அது. இப்போது எல்லோரும் அப்படிச் சொல்வதில்லையாம், யாழினி சொல்கிறாள். நமக்கு அன்று கேட்டதுதான் வேதவாக்கு.

நீ எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. சமைக்கும்போது வாயை மறைத்துக்கொண்டு பேசினாய், துணி காயப்போடும்போதும் மறைத்துக்கொண்டு பேசினாய். உன் அண்ணன் மகளின் சீர் விசேஷத்தில் நீ அப்படிப் பேசுவதைப் பார்த்துவிட்டு, பல்வலியா என்று உன் அண்ணி கிராம்பு கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. லேத் பட்டறையில் முதலாளியிடம் வாயை மறைத்துக்கொண்டு பேசினேன். மரியாதைக்காக வாய் பொத்திப் பேசுகிறேன் என்று நினைத்து அவருக்கு ஒரே சந்தோஷம். அந்த வருடம் போனஸ் கொஞ்சம் சேர்த்தே வந்தது என்று நீ கேலி செய்தாய்.

தினமும் காலையில் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று ஆறு சத்தம் சொல்வாய். ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். ஒவ்வொன்று கேட்கும்போதும் அவள் ஒரு புளியங்கொட்டையை டம்ளரில் போட வேண்டும். ஐந்து விழுந்துவிடும். கடைசி 'ஸ்' மட்டும் சில நாள் விழாது. நீ விடமாட்டாய். "அடி மேல அடி வெச்சா அம்மியும் நகருமுங்க" என்று எனக்குச் சொல்லிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவாய். ஸ்கூல் வேன் வந்து ஹாரன் அடிக்கும். அது அவளுக்கு நன்றாகவே கேட்கும்.

என் வேலை வேறு. அவள் கை எழும்பினால் மெதுவாகப் பிடித்து மடியில் வைத்துவிடுவது. அடித்ததில்லை, அதட்டியதுகூட இல்லை. வெறுமனே பிடித்து, கீழே வைப்பேன். பதின்மூன்று வருடம் செய்தேன்.

ஒரு சித்திரை மாத மத்தியானம் அவள் தண்ணீர்க் குடத்தைக் கையால் காட்டினாள். நீ வாயை மறைத்துக்கொண்டு, "வாயில கேளு கண்ணு" என்றாய். அவள் மறுபடியும் கையைக் காட்டினாள். நீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாய். வெகு நேரம் இப்படிப் போனது. அவள் அழுது முகமெல்லாம் நனைந்துவிட்டது. நீ உள்ளே போன சமயம் பார்த்து நான் ஒரு சொம்பு தண்ணீரைக் கொடுத்துவிட்டேன். நீ பார்த்துவிட்டாய். என்னைத் திட்டுவாய் என்று நினைத்தேன். நீ அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு, "உங்களுக்கு எரக்கம் வந்துருச்சு. எனக்கு வரலைன்னு நெனச்சீங்களா" என்று கேட்டாய்.

அவள் பேசினாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆண்டு விழாவில் மைக் முன்னால் நின்று வரவேற்புரை சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் உன் கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டினார்கள். காது கேட்காத பிள்ளை என்று சொன்னால் நம்பவே முடியவில்லை என்றார்கள். நமக்கு அதைவிட என்ன வேண்டும். அவள் எப்போது பேசுகிறாள் என்றுதான் நாம் பார்த்தோமே தவிர, அவள் காதில் என்ன விழுகிறது என்று பார்க்கவில்லை. வீட்டில், அமைதியில், ஒருவர் பேசினால் கேட்கும். நாற்பது பேர் இருக்கும் வகுப்பிலும் கல்யாண மண்டபத்திலும் அவளுக்குக் கிடைத்தது பாதிதான்.

மீதிப் பாதிக்கு நாமே ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தோம். நம் ஊரில் பிள்ளைக்கு முதலில் கற்றுத்தரும் பண்பு, பெரியவர் எது சொன்னாலும் 'சரிங்க' என்பது. அவளுக்கு அது நன்றாக வந்தது. கேட்டாலும் சரிங்க, கேட்காவிட்டாலும் சரிங்க. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, சிரித்து, சரிங்க. இவ்வளவு அடக்கமான பிள்ளையைப் பார்த்ததில்லை என்று நம் சொந்தமெல்லாம் சொன்னது. நாமும் நம்பினோம். அந்த ஒரு சொல்லுக்குள் பிள்ளை பூட்டிக் கிடக்கிறது என்று நமக்குத் தோன்றவே இல்லை.

இனி ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். தள்ளித்தள்ளிப் போட்டாலும் வந்துதான் ஆக வேண்டும்.

நுரையீரலில் சளி கட்டி உன்னைத் தீவிர சிகிச்சையில் வைத்திருந்தார்கள். அன்று சாயங்காலம் எங்கள் இருவரையும் உள்ளே விட்டார்கள். உன் மூக்கையும் வாயையும் சேர்த்து ஆக்சிஜன் மாஸ்க் இறுக்கமாக மூடியிருந்தது. நீ யாழினியைப் பார்த்து ஏதோ சொன்னாய். சுற்றிலும் மெஷின்களின் சத்தம். அவள் குனிந்து, "இன்னொருக்கா சொல்லுங்கம்மா" என்றாள். நீ திரும்பச் சொன்னாய். மாஸ்க் உள்ளே ஆவி படிந்தது. மூன்றாம் முறையும் சொன்னாய். எனக்கும் புரியவில்லை. முப்பது வருடம் லேத் பக்கத்தில் நின்ற காது இது. மந்தமாகிவிட்டது என்பதை உன்னிடம்கூட நான் ஒப்புக்கொண்டதில்லை.

யாழினி நிமிர்ந்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, சிரித்து, "சரிங்கம்மா" என்றாள்.

உனக்கு அந்தத் தலையாட்டல் என்னவென்று அந்த நேரத்தில் தெரிந்துவிட்டது. நான் உன் கண்ணைப் பார்த்துக்கொண்டுதானே நின்றேன். நீ ஊசி குத்தியிருந்த கையை மெல்ல மேலே தூக்கினாய். விரல்கள் விரிந்தன. என்னவோ காட்ட வந்தாய். நான் அந்தக் கையைப் பிடித்து, படுக்கையில் வைத்தேன். ஊசி நகர்ந்துவிடும் என்று சொன்னேன். நர்ஸ் நேரமாகிவிட்டது என்று எங்களை வெளியே அனுப்பினார். மறுநாள் மத்தியானம் நீ போய்விட்டாய்.

ஊசிக்காகத்தான் பிடித்தேனா? எத்தனையோ தடவை என்னையே கேட்டுவிட்டேன். கை எழும்பினால் பிடித்துக் கீழே வைப்பது என் கைக்கு ஊறிப்போன வேலை. அதுதான் அன்று நடந்தது என்று நினைக்கிறேன். நீ நம் மகளிடம் சொல்ல வந்ததை நானே அமுக்கிவிட்டேன்.

அதன் பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர். அவள் மெஷினைப் பள்ளிக்கு மட்டும் மாட்டினாள், வந்ததும் கழற்றி வைத்தாள். பிளஸ் டூ பரீட்சை முடிந்த அன்று கழற்றி பிரிட்ஜ் மேல் வைத்தவள் அதற்குப் பிறகு தொடவில்லை. நான் உன் வாக்கை நினைத்துக்கொண்டு தினமும் எடுத்துக் கொடுப்பேன். அவள் வாங்கி அதே இடத்தில் வைப்பாள். நான் பேசினால் அவளுக்குக் கேட்காது. அவள் போனில் யாரோடோ கையால் பேசிக்கொண்டிருப்பாள், எனக்குப் புரியாது. ஒரே வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சோறு தின்கிற இரண்டு பேருக்கு நடுவில் இத்தனை பெரிய சுவர் எழும்பும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் படிவம் வந்தது. சென்னையில் காது கேளாதோருக்கான டிகிரி வகுப்பு, பாடமெல்லாம் சைகை மொழியில். ஹாஸ்டலுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். நான் முடியாது என்று எழுதிக் காட்டினேன். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு என்றும் எழுதினேன். அவள் படித்துவிட்டுப் படிவத்தை எடுத்துக்கொண்டு போனாள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் படிவத்தைத் தட்டுப் பக்கத்தில் வைத்தாள். நான் மறுபடியும் முடியாது என்றேன். உள்ளுக்குள் உன்னை நினைத்து எனக்குக் கோபம்கூட வந்தது. போகிறவள் நிம்மதியாகப் போகாமல் என்னைக் கட்டிப்போட்டுவிட்டுப் போனாயே என்று.

கடைசித் தேதிக்கு முந்தின நாள் அவள் பட்டறைக்கே வந்துவிட்டாள். பக்கத்து ஃபவுண்டரியில் பிளோயர் ஓடிக்கொண்டிருந்தது, எங்கள் பக்கம் கிரைண்டிங். அந்தச் சத்தத்தில் வாயால் பேசி ஒரு பிரயோஜனமும் இல்லை. எதிர் லேத்தில் நிற்கும் ரங்கசாமி ஷாஃப்ட் அளவு கேட்டான். நான் விரலால் அரை நூல் கம்மி என்று காட்டினேன். அவன் கட்டை விரலை வாய்க்குக் கொண்டுபோய் டீயா என்றான். நான் இரண்டு விரலைத் தோளில் வைத்தேன், முதலாளி வருகிறார் என்று அர்த்தம். அவன் வாட்ச்சைத் தொட்டு அப்புறம் என்றான். இருபத்தைந்து வருடமாக இப்படித்தான் நாங்கள் பேசுகிறோம். சண்டையே போட்டிருக்கிறோம். சைகை என்று அதற்கு ஒரு பேர் இருப்பதாக நான் நினைத்ததே இல்லை.

திரும்பிப் பார்த்தால் யாழினி வாசலில் நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. நேரே ரங்கசாமியிடம் போய், தோளில் இரண்டு விரலை வைத்து, அது என்ன என்பது போலக் கையை விரித்தாள். அவன் முதலாளியின் தொப்பையை வரைந்து காட்டினான். அவள் சிரித்தாள். உன் காரியம் முடிந்த பிறகு அவள் சத்தமாகச் சிரித்து நான் அன்றுதான் பார்க்கிறேன். ஐந்து நிமிடத்தில் எங்கள் பட்டறைப் பேச்சு முழுவதும் அவளுக்கு வந்துவிட்டது. ரங்கசாமி என் காதருகே வந்து, "ஏனுங்க, நம்ம பாசை புள்ளைக்கு இப்படி வருதே. ஊட்டுல ஏனுங்க பேச மாட்டீங்கறீங்க" என்று கத்தினான்.

நான் அவளை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே அவள் வாயால் பேசினாள். நீ புளியங்கொட்டை போட்டுப் போட்டு எடுத்த அந்தக் குரலில். எட்டாம் வகுப்பில் நடந்ததைச் சொன்னாள். வகுப்பில் டீச்சர் கழுத்தில் ஒரு சின்ன மைக்கை மாட்டிக்கொள்வார், அதில் பேசினால் நேராக இவள் காது மெஷினுக்கு வரும், ஞாபகம் இருக்கிறதா. ஒரு நாள் அவர் மைக்கை அணைக்க மறந்து ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விட்டார். இவள் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு அங்கே பேசியது முழுவதையும் கேட்டிருக்கிறாள். பாவம், நல்லாத் தலையாட்டுது, ஒண்ணும் ஏறறதில்ல என்று இவளைப் பற்றித்தான் பேச்சு. பெரியவர்கள் தங்களுக்குள் பேசி, ஒரு வார்த்தை விடாமல் அவள் கேட்ட முதல் பேச்சு அதுதானாம். டீச்சர் திரும்பி வந்து மைக் வேலை செய்கிறதா என்று கேட்டபோது சரிங்க என்றாளாம்.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா கடைசியா என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாதுங்கப்பா. தெரியாமயே சரிங்கம்மான்னு சொல்லிப்போட்டேன். அம்மா கையத் தூக்குனாங்க. நீங்க அமுக்கிப்போட்டீங்க."

இரண்டு வருடமாக அவள் பார்க்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒன்று அது. வாயைத் திறந்து எது சொன்னாலும் அவளுக்குக் கேட்டிருக்காது. அவள் பையிலிருந்து படிவத்தை வாங்கி, வேப்பமரத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். ஆயில் கை. பெற்றோர் என்று அச்சடித்த இடத்தில் என் விரல் கறையாகப் பதிந்துவிட்டது. கிழித்துவிட்டு வேறு வாங்கலாமா என்று ஜாடையில் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலில் சிரிப்பு இல்லை, சாய்வும் இல்லை. நிஜமாகவே வேண்டாம் என்றுதான் சொன்னாள்.

ஹாஸ்டல் திறந்ததும் பொள்ளாச்சியிலிருந்து அதே வகுப்பில் சேரும் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் சென்னைக்குக் கிளம்பினார்கள். நீங்க வரவேண்டாம்ப்பா, நான் அவங்களோடயே போய்க்கறேன் என்றாள் யாழினி. எனக்கு வலித்தது. ஜங்ஷன் வரைக்கும் மட்டும் போனேன். காலை ரயில், ஏசி பெட்டி, ஜன்னல் திறக்காது. அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்ற கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே. போனதும் போன் பண்ணு, சோத்துப் பை மேல இருக்குது, மாத்திரை, சாவி என்று ஆளாளுக்குக் கண்ணாடியைத் தட்டிக் கத்துகிறார்கள். உள்ளே இருப்பவர்கள் காதில் கைவைத்து என்ன, என்ன என்கிறார்கள். காது நன்றாகக் கேட்கிற அத்தனை பேரும் அங்கே மாட்டிக்கொண்டு நின்றார்கள்.

நான் கையைத் தூக்கினேன். சாப்பிட்டாயா என்றேன். இட்லி என்றாள். பயமா என்றேன். கொஞ்சம் என்றாள். பட்டறைப் பேச்சும், போனில் வீடியோ பார்த்து நான் திருட்டுத்தனமாகக் கற்ற பத்துப் பதினைந்து சைகையும் அதோடு தீர்ந்துபோயிற்று. வண்டி நகர்ந்தது. அப்போது அவள் எழுந்து நின்று, இரண்டு கையாலும் நீளமாக ஒன்று சொன்னாள். நான் கூடவே நடந்தேன், ஓடினேன். ஓரிடத்தில் அவள் மூக்கின் ஓரத்தைத் தொட்டாள். மூக்குத்தி போடுகிற இடம். அம்மா என்று அர்த்தம், அது மட்டும் எனக்குத் தெரியும். மற்றது புரியவில்லை. பிளாட்பாரம் முடிந்துவிட்டது.

அன்று என்ன சொன்னாய் என்று போனில் எழுதிக் கேட்டேன். மூன்றாம் நாள் வீடியோ வந்தது. ஹாஸ்டல் வராந்தாவில் நின்று, அதே நீளமான வாக்கியத்தை நிதானமாகச் செய்திருக்கிறாள். கீழே, "எழுதித் தர மாட்டேன். கத்துக்கிட்டுப் புரிஞ்சுக்குங்கப்பா. எத்தன நாளானாலும் செரி" என்று எழுதியிருந்தாள். பிடிவாதம் யாருடையது என்று நான் சொல்லத் தேவையில்லை.

வேலை முடிந்து வந்ததும் தினமும் அதைத்தான் பார்க்கிறேன். உன் வாக்கை உடைத்ததற்கு எனக்குக் கிடைத்தது அதுதான், சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிகிறது. மூக்கைத் தொடுவது நீ. மீசையை முறுக்குவது நான். நடுவில் வருவது கோபம் என்று போன வாரம் தெரிந்தது, அன்று முழுவதும் எனக்கு வேலையே ஓடவில்லை. கோபத்துக்கு அடுத்து வருவது 'இல்லை' என்று நேற்றுதான் பிடிபட்டது. கோபம் இல்லை என்கிறாள். நம் இருவரில் யார்மேல் என்று சொல்கிற இரண்டு கையசைவு மட்டும் இன்னும் எனக்குப் புரியவில்லை.